முகர்ந்து பாராத டீ

குன்னூரில் புதிதாக வந்திருக்கும் பர்கர் கடையில், தட்டு வந்ததும் பர்கரை எடுத்து முகர்ந்தேன். மகளுக்குச் சிரிப்பு.

"ஏம்ப்பா, கெட்டுப்போச்சா?"

வெண்ணெயில் வாட்டிய பன்னின் வாசனை. என் அப்பா டீ ஃபேக்டரியில் தேயிலை சரியான பதத்துக்குப் புளித்துவிட்டதா என்று முகர்ந்தே சொல்பவர். எதையும் முகராமல் வாயில் வைக்கமாட்டார். டீ என்றால் கேட்கவே வேண்டாம். ஓசியில் கொடுத்தாலும் முகர்ந்து, குறை சொல்லிவிட்டுத்தான் குடிப்பார்.

தேயிலை விலை விழுந்த காலத்தில் ஒருநாள் ஃபேக்டரியைப் பூட்டிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அப்பா என்னைப் பேக்கரிக்குக் கூட்டிப்போய் பன் பட்டர் வாங்கித் தந்தார். தனக்கு ஒரு டீ மட்டும் சொன்னார்.

"ஏனுங்க, ஃபேக்டரி எப்பத் தொறப்பாங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

"அடுத்த மாசம் தொறந்துருவாங்க" என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே. பிறகு கிளாஸை எடுத்து, மூக்கருகே கொண்டுபோகாமல், மடமடவென்று குடித்து முடித்தார்.

பன் என் வாயிலேயே நின்றுவிட்டது. எனக்கு எட்டு வயது. இனி அந்த ஃபேக்டரி திறக்காது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மகள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங் கண்ணு, நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு, இன்னொரு முறை முகர்ந்தேன்.