ஒரே வரியில் இரண்டு வேலை

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் அரைப்புள்ளி அக்கா. லிஃப்ட் கதவுகளுக்கு சி மொழியில் புரோகிராம் எழுதுகிறவர். வரிக் கடைசியில் யாராவது அரைப்புள்ளி போடாமல் விட்டால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். பக்கத்து மேசைக்காரன் என்பதால் எனக்குத்தான் அதிகம் விழும்.

அவருடைய கொழுந்தனார் எங்கள் கம்பெனியிலேயே மெக்கானிக். ஒரு மாதமாக ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கதவு மூட ஆரம்பித்ததுமே திரும்பத் திறந்துகொண்டது. குறுக்கே ஆளே இல்லை. ஆள் நிற்பதைக் கண்டறியும் சென்சாரை அவர் மூன்று தடவை மாற்றியும் பலனில்லை. மற்ற லிஃப்டெல்லாம் ஒழுங்காக ஓடுவதால், புரோகிராம் சரி, பொருத்தியதில்தான் கோளாறு என்று அக்கா அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் முதல் நாளிலிருந்தே அதைத்தான் சொன்னாராம். வெள்ளிக்கிழமையோடு கொழுந்தனாரை அனுப்பிவிடுவதென்று மேலே முடிவெடுத்தார்கள்.

புதன்கிழமை அக்கா என்னைத் திட்டிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தினார். எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு மேக்ரோ. அதன் பெயரை எங்கே எழுதினாலும் அதற்குள் இருப்பது அப்படியே அங்கே வந்து உட்காரும். முன்பு அதில் ஒரே கட்டளை: மோட்டாரை நிறுத்து. போன மாதம் அக்கா இன்னொன்றைச் சேர்த்திருந்தார்: கதவைத் திற. 'குறுக்கே ஆள் இருந்தால்' என்ற நிபந்தனைக்குப் பின் எல்லா இடத்திலும் கட்டளைகளைச் சேர்த்துப் பிடிக்கும் அடைப்புக்குறி இருந்தது, அந்தக் கட்டடத்து மாடலில் மட்டும் இல்லை. நிபந்தனை முதல் கட்டளையோடு நின்றுவிட்டது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டாவது ஓடியது.

இரண்டையும் ஒரே ஒரு முறை சுற்றும் வளையத்துக்குள் போட்டார். ஒருமுறைக்கு வளையம் எதற்கு? பிரியாமல் பொட்டலம் கட்டத்தான். மேக்ரோவின் முடிவில் மட்டும் அரைப்புள்ளி கூடாது, அதை அழைக்கிற இடத்தில் போடவேண்டும். அக்கா வேண்டுமென்றே அரைப்புள்ளி விட்ட ஒரே இடம் அது.

"சத்தமில்லாம மாத்திட்டா யாருக்குக்கா தெரியப்போகுது?" என்றேன். என் புத்தி அவ்வளவுதான்.

அவர் எழுந்துபோய், தப்பு தன்னுடையது என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தார். கொழுந்தனாரின் வேலை தப்பியது. அக்காவுக்கு வரவேண்டிய பதவி உயர்வு போனது.

மறுநாள் கொழுந்தனார் வந்து மேசையருகே நின்றார்.

"சென்சார் மூணு தடவையும் நல்லாத்தான் இருந்துச்சு அண்ணி."

"தெரிஞ்சுமா மாத்தின?"

"நீங்க புரோகிராம் சரின்னு சொன்னீங்க. அப்ப என் மேலதான் தப்பு இருக்கும்னு நெனச்சேன்."

அக்கா திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று நான் விட்ட இரண்டு அரைப்புள்ளிகளை அவர் கவனிக்கவே இல்லை.