வண்டியை விட்டு இறங்காத வரதன்

ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கினால் டீ. நீட்டி அமுக்கினால் டீயும் பொறை பிஸ்கோத்தும். ராயபுரம் டீக்கடைக்காரருக்கு இந்தப் பாஷை அத்துப்படி. வரதன் வண்டியில் உட்கார்ந்தபடியே கிளாஸை வாங்கிக் குடித்துவிட்டு, உட்கார்ந்தபடியே திருப்பிக் கொடுப்பார். மண்டிக் கணக்குப்பிள்ளையோ பழைய தோஸ்தோ, யாரானாலும் ஜன்னலண்டை வந்துதான் பேசியாக வேண்டும். "குந்திகினே பேசுவோம் நைனா, எறங்கினா இன்னா ஆவப்போவுது?" என்பார். குந்தியிருப்பது அவர் மட்டும்தான், எதிராளி வெயிலில் நின்றுகொண்டிருப்பான் என்பது வேறு விஷயம். பெரிய கவர்னர் என்று நினைப்பு என்று ஆரம்பத்தில் நானும் கறுவியவன்தான்.

வண்டி, உலகச் சண்டை முடிந்ததும் ராணுவம் ஏலம் விட்ட பழைய டாட்ஜ் பிக்கப். எண்ணூர் உப்பளத்திலிருந்து ராயபுரம் மண்டிக்கு உப்பு மூட்டை அடிக்கிறார். ஆள் கனத்த சரீரம். சும்மா கனமில்லை, அவர் ஏறி உட்கார்ந்தால் வண்டியே வலது பக்கம் படுத்துவிடும். மூட்டை தூக்குகிறவர்கள் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். நாலைந்து வருஷத்துக்கு முன் ஒருநாள், மகள் மலர்க்கொடியைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டபோது, கூடப் படிக்கிற பெண்கள் அந்தச் சாய்வைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து பஸ்ஸில் போகிறேன் என்றாள் மகள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நேரே கமான் பட்டறை தாவூதிடம் போய் நின்றார்.

சக்கரத்துக்கு மேலே வண்டியைத் தாங்குகிற வளைந்த இரும்புப் பட்டைகளுக்குத்தான் கமான் என்று பெயர். தாவூது இவரை ஸீட்டில் உட்காரவைத்து உட்காரவைத்துப் பார்த்து, வலது பக்கம் மட்டும் பட்டை மேல் பட்டையாக ஏற்றி, எதிரே போய் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, பம்பர் நேராகும் வரை விடவில்லை. வேலையை முடித்துவிட்டு ஒரு எச்சரிக்கையும் கொடுத்திருக்கிறார்: "மாமு, நீ குந்தினா நேரா கீது. எறங்கினா வலப்பக்கம் தூக்கிக்கும். அப்பால என்னாண்ட வந்து பேஜாரு பண்ணாதே."

வண்டி இப்போது நேராகத்தான் ஓடுகிறது. ஆனால் அவர் காலைக் கீழே வைத்த மாத்திரத்தில் இடப்பக்கம் சரிந்து, இத்தனை பாரம் இப்போதுதான் இறங்கியது என்று ஊருக்கெல்லாம் காட்டிக் கொடுத்துவிடுகிறது. பாவம், பழைய வெட்கத்தைவிட இது பெரிய வெட்கம்.

அதனால்தான் இறங்குவதில்லை. இறங்கியே தீர வேண்டும் என்றால் வலது சக்கரங்கள் பள்ளத்தில் நிற்கிற இடமாகத் தேடுவார். சாலையின் வலது ஓரம்தான் அவருக்கு ஓரம், அதற்காகப் போலீஸ்காரரிடம் வாங்காத திட்டில்லை. வீட்டுக்கு முன்னால் சாக்கடையை ஒட்டி ஒரு வாகான பள்ளம் உண்டு. தாவூதுக்கு வாய் சும்மா இருக்காது. ஆகவே எங்கள் தெரு முழுக்க விஷயம் தெரியும். தெரியாது என்று நம்பிக்கொண்டிருக்கிறவர் வரதன் ஒருவர்தான்.

போன மாதம் மலர்க்கொடியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அப்பா அய்யாத்துரை, தொண்டையார்பேட்டைக்காரர், ரயில்வேயில் பிட்டர். அவர்கள் வந்த குதிரை வண்டி அந்தப் பள்ளத்திலேயே நின்றுவிட்டது. உப்பை இறக்கிவிட்டு அரக்கப்பரக்க வந்து சேர்ந்த வரதன் அதைப் பார்த்தார். ஸீட்டிலிருந்தபடியே ஒரு கும்பிடு போட்டார். வண்டியை ஓரம் கட்டிவிட்டு இதோ வந்துவிடுகிறேன் என்று போனவர், வேறு பள்ளமோ ஆளில்லாத சந்தோ தேடித் தெருத்தெருவாகச் சுற்றினார், ஒன்றும் அகப்படவில்லை. திரும்பி வந்தபோது அவர்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதும் ஸீட்டிலிருந்தே கும்பிடு.

பையனுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது, மலர்க்கொடிக்கும் பிடித்திருந்தது. அய்யாத்துரைதான் சொல்லி அனுப்பிவிட்டார்: வீடு தேடி வந்தவர்களை இறங்கி வந்து வாங்க என்று கூப்பிடாத மனுஷனோடு சம்பந்தம் வேண்டாம்.

மலர்க்கொடி அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. வரதன் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, "என் கொயந்த தலகுனியக் கூடாதுன்னுதான் சார் கமான் ஏத்துனேன். இப்போ அதாலயே அதுக்கு..." என்று ஆரம்பித்தவர் கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னையும் துணைக்கு ஏற்றிக்கொண்டு தொண்டையார்பேட்டைக்குப் போனார். அய்யாத்துரையின் தெருவில் மேடு பள்ளமே கிடையாது. அவர் வாசலில் அக்கம்பக்கத்தாரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் போய் அவரை இங்கே அழைத்து வரட்டுமா என்று கேட்டேன்.

"வோணாம் சார். நீங்க எறங்கிக்கங்க" என்றார்.

நான் இறங்கினேன். கொஞ்சம் பொறுத்து அவரும் இறங்கினார். கமான் முனகிக்கொண்டு எழும்ப, வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்தது. கூட்டத்தில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். ஒருவர் சிரித்தால் போதாதா, மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். வரதனுக்கு முகமெல்லாம் வியர்த்துக் கொட்டியது. துடைத்துக்கொள்ளாமல் இரண்டு கையையும் கூப்பினார்.

"இதுக்குத்தாங்க அன்னிக்கு எறங்கல. திமிரு இல்லீங்க."

அய்யாத்துரை வண்டியைப் பார்த்தார். வரதனைப் பார்த்தார். சிரிக்கவில்லை. தெருவில் இறங்கி வந்து, வலப்பக்கம் டிரைவர் கதவுக்குக் கீழே இருந்த புட்போர்டில் ஏறி நின்றுகொண்டார். ஒல்லி மனிதர், தூக்கி நின்ற பக்கம் கொஞ்சம்தான் அமிழ்ந்தது, வண்டி இன்னும் நேராகவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பி மகனைக் கூப்பிட்டார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்த மாப்பிள்ளைக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அய்யாத்துரை சற்று நகர்ந்து இடம் விட்டார். அவன் செருப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, அப்பாவின் பக்கத்தில் ஏறி நின்றான்.