அந்தம்மா கேட்ட கேள்விகள்

நெல்லித்தோப்பில் எங்கள் தெருமுனையில் இருந்த பிரவுசிங் சென்டருக்குள் செருப்போடு போக முடியாது. ஏசி ரூம், கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்பார் கடைக்கார அண்ணன். அதனால் உள்ளே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெருவில் போகிற யாரும் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்ய நான் தேர்ந்தெடுத்த இடம் அது. என் புத்தியை என்னவென்று சொல்ல.

அப்போது நான் காலேஜில் இரண்டாம் வருஷம். ஒருநாள் காலை, கூட்டமான டவுன் பஸ் ரெட்டியார்பாளையம் சிக்னலில் நின்றபோது எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. கை மரத்துப்போனது, மூச்சு முட்டியது. செத்துவிடப் போகிறேன் என்றே நினைத்தேன். கண்டக்டர் விசில் அடித்து இறக்கிவிட்டார். வீட்டுக்குச் சொல்லாமல் நானே போன ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிடு என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றதுமே அதே படபடப்பு. அதற்கடுத்த நாளும். கடைசியில் பஸ் ஏறுவதையே விட்டுவிட்டேன். வீட்டில் காய்ச்சல், வயிற்றுவலி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வருகைப் பதிவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அப்படி ஒரு வருஷம் போனால், படிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்க்க அப்பா தயாராக இருந்தார்.

மனநல டாக்டரிடம் போவதைப் பற்றி எங்கள் தெருவில் பேச்சே எடுக்க முடியாது. பைத்தியம் என்று பட்டம் கட்டிவிடுவார்கள், அது என் தங்கைக்கும் சேர்த்து ஒட்டும். அதனால் ஒரு மதியம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், பஸ்ஸில் நெஞ்சு வேகமாக அடிக்கிறது என்று தேடினேன். ஏதோ ஒரு வெளிநாட்டில் இளவயதுக்காரர்களுக்கென்றே நடத்திய தளம் ஒன்று வந்தது. இலவசம். பெயர் சொல்ல வேண்டாம், முகம் காட்ட வேண்டாம். அந்தப் பக்கம் டாக்டர் என்று யாரும் கிடையாது. பாடம் பாடமாக இருக்கும், நாமே படித்து நாமே செய்து பார்க்க வேண்டும். முதல் பாடத்திலேயே, இப்படி நெஞ்சு அடிப்பது ஆளைக் கொல்லாது, ஏறியது தானாக இறங்கிவிடும் என்று போட்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஈசிஜி எடுத்தவர் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் வாயில் இருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

மதியமானால் அங்கே போக ஆரம்பித்தேன். அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது.

என் அம்மா வீட்டில் எல்லா வேலையும் செய்வாள், போனை மட்டும் எடுக்கமாட்டாள். மணி அடித்தால் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டு, "யாராவது எடுங்களேன்" என்பாள். போன் பேசத் தெரியாத பட்டிக்காடு என்று நாங்கள் கேலி செய்வோம். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் வேவு பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருநாள் மாதா கோயிலில் இருந்து திரும்பும்போது பிரவுசிங் சென்டர் வாசலில் என் பச்சை வார் செருப்பைப் பார்த்துவிட்டாள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அதை ஒட்டி, இடித்துக்கொண்டு, ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பும் கிடந்திருக்கிறது. மீதிக் கதையை அம்மாவே எழுதிக்கொண்டாள்.

தடுப்புத் துணியை விலக்கிக்கொண்டு அவள் தலை உள்ளே வந்தது.

"எங்கடி அவன்?"

"எவன்?"

"வெளிய செருப்பு கெடக்குதே."

பக்கத்துத் தடுப்பில் இருந்து ஒரு பெரியவர் மெல்ல எட்டிப் பார்த்து, "அது என்துதாம்மா" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் திரையைப் பார்த்தாள். "அப்ப இது என்னாது?"

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. காலேஜ் பாடம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஏனோ வாய் வரவில்லை. "எனக்கு பஸ்ல ஏறவே பயமா இருக்குதும்மா. நெஞ்சு அடிச்சிக்குது. அதுக்குத்தான் இது."

திட்டுவாள் என்று பார்த்தேன். என் நாற்காலியில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். "அந்தம்மா என்னா கேக்குது, படி" என்றாள். எந்த அம்மா? கேள்வி கேட்டால் அங்கே ஒரு ஆள் இருந்தாக வேண்டும், கரிசனமாகக் கேட்டால் அது பொம்பளையாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவள் முடிவு. யாரும் இல்லையென்று எவ்வளவோ சொன்னேன். மசியவில்லை.

ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொன்னேன். சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறதா?

"ம்" என்றாள் அம்மா.

ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று தோன்றுகிறதா?

"தெனமும்தான்."

பயத்தினால் எதையாவது செய்யாமல் ஒதுங்கிப் போகிறீர்களா?

"போனு" என்றாள்.

"எம்மா, இது என்னைக் கேக்குற கேள்வி."

"என்னையும்தான் கேக்குது. ஒங்க மாமா லாரில அடிபட்ட சேதி போன்லதான வந்துது. நான்தான் எடுத்தேன். அதுலேர்ந்து மணி அடிச்சா ஒடம்பு பூரா ஒதறுதுடி."

மாமா செத்தபோது நான் சின்னப் பெண். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அவளை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அவள் மேல் பொங்கிவந்த பாசத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மவுசை உருட்டிக்கொண்டிருந்தேன். எழுந்து போகும்போது அம்மா திரையைப் பார்த்து "மெர்சி" என்றாள். பிரெஞ்சில் நன்றி; கன்னியாஸ்திரிகளிடம் ஐந்தாவது வரை படித்த பழக்கம்.

அடுத்த பாடம், பயத்தைச் சின்னச் சின்னப் படியாக வெட்டி ஏறச் சொன்னது. படபடப்பு வந்தால் ஓடக்கூடாது, அது இறங்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். நான் முதலில் பஸ் ஸ்டாப்பில் சும்மா நின்றேன். பிறகு அம்மாவோடு ஒரு ஸ்டாப். பிறகு சிக்னல் வரைக்கும். அங்கே பஸ் நின்றதும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எறங்கும்டி, அந்தம்மா சொல்லிச்சில்ல" என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொல்வாள். மானம் போகும். ஆனால் உண்மையில் இறங்கும்.

அம்மாவும் போனுக்காகத் தனியாகப் படி போட்டுக்கொண்டாள்; அதில்தான் தகராறு. மணி அடிக்கும்போது ரிசீவர் மேல் கை வைப்பது வரைக்கும் வந்துவிட்டாள். ஒரு கையில் ஜெபமாலை, இன்னொரு கை போன் மேல். எடுக்கமாட்டாள். மணி நின்றதும் சுட்ட மாதிரி கையை உதறுவாள்.

"எடுத்தாத்தான் என்னா?" என்பேன்.

"நீ மொதல்ல தனியா பஸ் ஏறு, அப்பறம் எனக்கு சொல்லு."

ஏற வேண்டிய நாளும் வந்தது. இந்தத் திங்கட்கிழமையில் இருந்து ஒருநாள் விடாமல் வந்தால்தான் பரீட்சை என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். தினமும் அம்மாவைக் கூட்டிப்போக நான் என்ன எல்கேஜியா. தனியாக ஏறினேன். பாழாய்ப்போன சிக்னலில் பஸ் நின்றது. நெஞ்சு ஆரம்பித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடிச்சிக்கோ, நான் இறங்கமாட்டேன் என்று மனசுக்குள் சண்டை போட்டபடி நின்றேன். பஸ் நகர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அதுவும் இறங்கியது. காலேஜ் வாசலில் குதித்தபோது எனக்கு இந்த உலகத்தில் எல்லோரையும் பிடித்திருந்தது.

எதிரே பெட்டிக்கடையில் சிவப்பு காயின் போன் இருந்தது. அப்பா வேலைக்குப் போயிருப்பார், தங்கை ஸ்கூலுக்கு. வீட்டில் அம்மா மட்டும்தான். எடுக்கமாட்டாள் என்று தெரிந்தும் நம்பரை அழுத்தினேன். மணி போய்க்கொண்டே இருந்தது. சரி, வைத்துவிடலாம் என்று நினைக்கும்போது சத்தம் நின்றது.

"அலோ" என்றாள் அம்மா, காற்று மாதிரி.

"நான்தாம்மா. வந்து சேந்துட்டேன்."

அவளுக்கு மூச்சு வாங்குவது கேட்டது.

"எம்மா, வச்சிடட்டுமா?"

"வச்சிடாத, இரு" என்றாள். நான் இருந்தேன். கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்குதுடி" என்றாள் அம்மா.