அப்பா பிடித்து வைத்த சீட்டு

தைப்பிங்கிலிருந்து உலு திராமுக்கு வீடு மாறினோம். செலவைக் குறைக்க, இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து ஒரே லாரியில் சாமான்களை ஏற்றிவிட்டு, நானும் அப்பாவும் பஸ்ஸில் கிளம்பினோம். அப்பாவின் காது கேட்கும் கருவி வழியில் தொலைந்துவிடக் கூடாதென்று, துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். அந்தப் பெட்டியும் லாரியில் போய்விட்டது.

நெடுஞ்சாலை ஓய்விடத்தில் பஸ் நின்றது. நான் கழிவறைக்குப் போய்த் திரும்பினால் அப்பாவின் இருக்கை காலி! சாப்பாட்டுக் கடைகளிலெல்லாம் ஓடி ஓடித் தேடினேன். கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்காது என்பது அப்போதுதான் உறைத்தது. டிரைவரோ ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில், பக்கத்தில் அதே நிறத்தில் நின்ற, மலாக்கா போகும் பஸ்ஸில் ஏறிப் பார்த்தேன். அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டில் தன் துண்டைப் போட்டுவிட்டு, அங்கே உட்கார வந்தவரிடம், “இது என் மவ சீட்டு லா, இப்ப வந்துரும்!” என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும், “எங்கம்மா போன? எவ்ளோ நேரம் சீட்டு புடிச்சி வைக்கிறது?” என்றார். கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்தேன்.

இப்போதெல்லாம் பக்கத்துக் கடைக்குப் போனாலும், கருவியை நானே அவர் காதில் மாட்டி, “கேக்குதாப்பா?” என்கிறேன். “கேக்குது லா, ஏன் கத்துற?” என்கிறார். பஸ்ஸில் எனக்குச் சீட்டுப் பிடிக்கும் வேலையை மட்டும் அவரிடமே விட்டிருக்கிறேன்.

- சரோஜா, உலு திராம்