பூசை மாடத்துப் பித்தளைப் பாம்பு

பால்காரர் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "டிரஸ்ஸர் ஐயா போயிட்டாரு, அக்கா" என்றார். முந்தின நாள்தான் ஐயா, என் மகன் தும்மியதை வேலிக்கு அப்பாலிருந்து கேட்டு, "பி.ஏ.க்காரம்மா, ஒரு தும்மலுக்கு ஒரு தடவை பயந்தா போதும்" என்று கேலி செய்திருந்தார். பதினாறாம் நாளும் கழிந்த பிறகே இதை எழுத முடிகிறது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எங்களுக்கு அடுத்த வீடு வேலாயுதம் ஐயாவுடையது. ஐரோப்பிய யுத்தத்தின்போது பட்டாளத்து ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போட்ட 'டிரஸ்ஸர்'. பட்டாள மருத்துவப் பிரிவுகளின் சின்னங்களைச் சேர்ப்பதில் அவருக்கு அப்படியொரு ஆசை. கிள்ளான் பழைய இரும்புக் கடை, காஜாங் பாசார் என்று ஊர் ஊராகத் தேடி அலைவார். மருந்துத் தட்டில் பஞ்சு விரித்து அடுக்கி வைப்பார். எல்லாவற்றிலும் தடியைச் சுற்றிய பாம்புதான். எது எந்தப் படை என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"மூஞ்சி ஏமாத்தும்மா. முதுகைப் பாக்கணும். மாட்டுறது வளையமா, ஊசியா, யாரு பத்த வச்சது, எல்லாம் அங்க இருக்கும்."

என் மகனுக்கு ஒரு வயதில் கடுங்காய்ச்சல். அன்று எங்கள் கொல்லையில், வேலியோர மணலில் ஒரு சிறு பித்தளைப் பாம்பு கிடைத்தது. நாகம்மாளே வந்துவிட்டாள் என்று மஞ்சள் பூசி மாடத்தில் வைத்தேன். மறுநாள் காய்ச்சல் இறங்கியது. நான் படித்த பி.ஏ. வாயைத் திறக்கவில்லை.

பிள்ளையைப் பார்க்க வந்த ஐயா மாடத்தைக் கண்டார். "சாமி, கொஞ்சம் திரும்பிக்குங்க" என்று கும்பிட்டுவிட்டு எடுத்துப் புரட்டினார். அதன் முதுகைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

"பட்டாளத்துச் சாமானா?" என்று கேட்டேன்.

"ஆமா. காலர்ல மாட்டுறது."

"உங்களுக்கு... வேணுங்களா?" கொடுத்தால் காய்ச்சல் திரும்பிவிடுமோ என்று மகனை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

"எனக்கெதுக்கு? இவருக்கு இங்க டியூட்டி இருக்கு" என்று மாடத்திலேயே வைத்துவிட்டார்.

பிறகு ஒருநாள் அவர் தட்டில் அதே போன்ற பாம்பைப் பார்த்தேன். என்னுடையது வலப்பக்கம் பார்க்கும், அது இடப்பக்கம். அருகே பஞ்சில் ஓரிடம் காலி. "காலருக்கு ரெண்டு ரெண்டா வரும். இதோட ஜோடி வெளியூர்ல வேலையா இருக்குலா" என்று சிரித்தார். அது முதல் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "எங்க சம்பந்தி சௌக்கியமா?" என்று மாடத்தை விசாரிப்பார்.

அவர் இறந்த அன்று, அவருக்குப் பழைய பட்டாளத்துச் சட்டையை அணிவித்திருந்தார்கள். காலரில் ஒரு பக்கம் மட்டும் பாம்பு. வீட்டுக்கு ஓடி மாடத்துப் பாம்பை எடுத்து மஞ்சளைக் கழுவினேன். அவர் சொன்னபடி முதன்முறையாக முதுகைப் பார்த்தேன். ஒடிந்த வளையத்துக்குப் பதிலாகச் செம்புக் கம்பி ஒன்று பற்றவைக்கப்பட்டிருந்தது.

"அந்தக் கம்பி அவரு வச்சது" என்றார் ஐயாவின் மனைவி அமிர்தம் அக்கா. "சட்டையைக் கொல்லையில காயப்போட்டு நாந்தான் தொலைச்சேன். 'அடுத்த வீட்ல பத்திரமா இருக்கு, கேட்டா பி.ஏ.க்காரம்மா பயந்துடும்'னு சொல்லிட்டாரு."

காலரின் மறுபக்கத்தில் மாட்டினேன். அவர் கழுத்தின் இரு பக்கமும் பாம்புகள் ஒன்றையொன்று பார்த்தன. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சம்பந்தி வந்தாச்சு, கெளம்புங்க" என்றார். அழுதுகொண்டிருந்த வீடு ஒரு கணம் சிரித்தது.

மாலையில், வெறும் மாடத்தின் முன்னால் என் மகன் தும்மினான்.

ஒரு தடவைதான் பயந்தேன், ஐயா. போய் வாருங்கள்.