மகளின் முதுகுப்பையில் இருந்த திருநீறு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

எங்கள் ஒரே மகள் அயல்நாட்டுக் காவல் நிலையம் ஒன்றில், போதைப்பொருள் கடத்துகிறாள் என்ற ஐயத்தின் பேரில் தடுத்து வைக்கப்பட்டிருந்த ஒரு பகற்பொழுதைப் பற்றி, அடியார்களின் அனுபவங்களைத் திரட்டும் தங்கள் மன்றத்துக்கு எழுதுகிறேன். நான் கல்லூரி வாசலை மிதித்தறியாதவன். அலுவலகக் கோப்புகளைப் பார்த்தே எழுதப் பழகியவன். சொற்குற்றம் இருப்பின் பொறுத்தருள்க. நடந்ததில் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

2003-ஆம் ஆண்டு, ஆனி மாதம். அப்போது தில்லி மோதி பாக் அரசுக் குடியிருப்பில் வசித்தோம். மகள் ரேவதி நொய்டாவில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தில் வேலை பார்த்தாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். இந்திதான் அவளுக்கு முந்திக்கொண்டு வரும். அவ்வாண்டு விடுப்பெடுத்துக்கொண்டு, முதுகில் ஒரு பையை மாட்டி, தன்னந்தனியே ஸ்பெயின் நாட்டைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டாள். பார்சிலோனா நகரம், கிரனாடா அரண்மனை, பிறகு தெற்கே கடற்கரைகள் என்பது அவள் திட்டம்.

என் மனைவி கமலா திருநெல்வேலிக்காரி. மகளை வாசல்வரை மறித்துப் பார்த்தாள்.

"ஏட்டி, கல்யாணம் ஆன பொறவு மாப்பிள்ளையோட போனா ஆகாதா?"

"அவரு பேக் தூக்குவாரான்னு தெரியாதேம்மா!" என்று சிரித்தபடியே ரேவதி ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் தொலைபேசியில் பேசுவாள். எல்லாம் நலமாகவே இருந்தது. ஒரு சனிக்கிழமை நண்பகல், நாங்கள் உண்ண அமர்ந்தபோது மணி அடித்தது. எடுத்தேன். மகளின் குரல் நடுங்கியது.

"அப்பா, பஸ்ஸை நிறுத்தி செக் பண்ணாங்க. என் பேக்ல குட்டிக் குட்டியா பிளாஸ்டிக் பாக்கெட். உள்ள பவுடர். சாக்ஸுக்குள்ள, சைடு பாக்கெட்ல, எல்லா எடத்துலயும் இருக்குப்பா. நான் வைக்கல, சத்தியமா, கசம் ஸே! எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். அவங்க நம்பல. போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரிசீவரில் காதை ஒட்டிக் கேட்டு நின்ற கமலா நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அது துன்னூறு! நாந்தான் வச்சேன். சொல்லுங்க, சீக்கிரம் சொல்லுங்க!"

நான் வாய் திறப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

பிறகுதான் கமலா அழுதபடி சொன்னாள். திருநீற்றுச் சம்புடத்தை எடுத்துப்போக மகள் மறுத்துவிட்டாளாம். நகைக்கடையில் தோடு போட்டுத் தரும் சிறிய பிளாஸ்டிக் உறைகளில் பூசையறைத் திருநீற்றை நிரப்பி, மகள் குளிக்கும் நேரத்தில் பை முழுதும் செருகி வைத்திருக்கிறாள். ஒன்று தொலைந்தாலும் இன்னொன்று காக்கட்டுமே என்பது அவள் எண்ணம். எந்தத் தாயும் வைப்பதுபோல் காவலுக்கென்று வைத்ததுதான். ஆயினும் உறையில் அடைத்து, ஒளித்து, பிள்ளைக்கே தெரியாமல் வைத்த பொடியை வேற்றுநாட்டுக் காவலர் என்னவென்று எண்ணுவர்?

தொலைபேசியில் பதிவாகியிருந்த எண்ணுக்குத் திரும்ப அழைக்க முயன்றேன். மணி அடித்தது, எடுப்பாரில்லை. தூதரகத்தைத் தொடர்புகொள்ள முயன்றேன். விடுமுறை நாள். எதிர் வீட்டுச் சண்முகம் எங்கள் ஊர்க்காரர், அவரிடம் ஓடினேன். அவர் தமக்குத் தெரிந்த அதிகாரி ஒருவருக்குப் பேசிவிட்டு முகம் வாடி வந்தார்.

"அண்ணாச்சி, திங்கக்கிழமைதான் ஏதாவது செய்ய முடியுமாம். பயப்படாதிய."

"அதுக்குள்ள எம் பிள்ளைய என்ன செய்வான்?"

"அது தெரியலியே அண்ணாச்சி. பொடி கேஸுன்னா லேசுல விடமாட்டாம்னு சொல்லுதாரு."

கமலா தரையில் சரிந்து அமர்ந்தாள். "சாமிய நம்பி வச்சேன். எம் புள்ளைக்கு நானே குழி வெட்டிட்டேனே" என்றாள். சண்முகத்தின் மனைவியை அவளுக்கும் தொலைபேசிக்கும் துணையாக வைத்துவிட்டு, குன்றின் மேலிருக்கும் முருகன் கோயிலுக்கு நடந்தேன்.

நடை சாத்தியிருந்தது. மாலையில்தான் திறப்பார்கள். வெயிலில் படிகள் கொதித்தன. சாத்திய கதவின் முன் நின்றேன். அருகில் கல் தொட்டியில் திருநீறு இருந்தது. பழக்கத்தால் விரல்களை இட்டேன். கை நெற்றிக்கு எழவில்லை. அறிவறிந்த நாள்முதல் பூசிய நீறு அன்று எனக்கு அச்சம் தந்தது. இதனால்தானே என் மகள் அங்கே இருக்கிறாள் என்று கசந்தது.

வேண்டுதல் என்று அழகாக ஒன்றும் வரவில்லை. சண்டைதான் போட்டேன். "முருகா, அது உன்னுடைய நீறு. அது இன்னதென்று அவளுக்கே தெரியாது. அந்த நாட்டு மொழி எனக்கும் தெரியாது. உன் பொருளுக்கு நீ சாட்சி சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?" என்று வாய்விட்டுக் கதறினேன். காலணிகளைப் பார்த்துக்கொள்பவர் எட்டிப் பார்த்து, "க்யா ஹுவா, பாபுஜி?" என்று, என்ன ஆயிற்றென இந்தியில் கேட்டார். பிறகு கண்ணை மூடி நெற்றி நிறையப் பூசிக்கொண்டேன். அச்சம் தீரவில்லை. கை மட்டும் எழுந்தது.

வீடு திரும்பினேன். தொலைபேசி அடிக்கவே இல்லை என்றார்கள். மாலை மங்கத் தொடங்கும்போது அடித்தது. கமலா என்னை முந்திக்கொண்டு எடுத்தாள்.

"அம்மா, விட்டுட்டாங்க. ஐயாம் ஃபைன். அழாதம்மா."

கமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிசீவரை என்னிடம் தந்தாள். ரேவதி சொன்னதை அவள் சொன்னவாறே எழுதுகிறேன்.

"சோதனை பண்றதுக்காக ஒரு பாக்கெட்டை என் எதிர்லயே கட் பண்ணாங்கப்பா. ஸ்மெல் வந்திச்சு. காலைல நீங்க குளிச்சிட்டு வருவீங்கள்ல, அந்த ஸ்மெல். அப்பதான் புரிஞ்சிது, அரே, இது விபூதி! எப்படிச் சொல்றதுன்னு தெரியல. டப்புனு எடுத்து நெத்தியில மூணு கோடு போட்டேன், உங்கள மாதிரியே. கொஞ்சம் வாயிலயும் போட்டுக்கிட்டேன். ஒரு போலீஸ்காரன் என் கையைப் பிடிச்சு முறுக்கிட்டான். அங்க வயசான லேடி ஆபீசர் ஒருத்தங்க இருந்தாங்க. அவங்க அவனைத் தடுத்தாங்க. என் நெத்தியையே பார்த்தாங்க. அப்புறம் அவங்க கட்டைவிரலால தன் நெத்தியில சிலுவை போட்டுக் காட்டி, 'தியோஸ்?'னு கேட்டாங்க. சாமியான்னு அர்த்தம். அவங்க சர்ச்சுல வருஷத்துக்கு ஒரு நாள் சாம்பல் பூசுவாங்களாம்பா! நான் ஆமான்னு தலையாட்டி அழுதுட்டேன். மருந்து ஊத்தி டெஸ்ட் பண்ணாங்க, ஒண்ணும் வரல. அவங்களே பஸ் ஸ்டாண்டுல கொண்டுவந்து விட்டாங்க."

நான் படியில் நின்று அழுத வேளையும், அவள் நெற்றியில் இட்ட வேளையும் ஒன்றா என்று கணக்குப் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன். கேட்டேன், கிடைத்தது. எனக்கு அது போதும்.

உடனே திரும்பி வா என்று சொல்லத்தான் நாவெழுந்தது. அவளோ, "இன்னும் பீச் பார்க்கலியேப்பா" என்றாள். அஞ்சிய பிள்ளை மறுபடி சிரிக்கும் குரலைக் கேட்டபின் தடுக்க மனம் வரவில்லை. போய்வா என்றேன். எஞ்சிய நாள்களைச் சுற்றி முடித்து, வெயிலில் கறுத்து, நலமாக வந்து சேர்ந்தாள். அதன்பின் கமலா எதையும் ஒளித்து வைப்பதில்லை. "ஏட்டி, இந்தா துன்னூறு, கேட்டா என்னன்னு சொல்லு" என்று கையிலேயே கொடுக்கிறாள். ரேவதியும் வாங்கிக்கொள்கிறாள்.

அடுத்த கிருத்திகையன்று அந்தக் காவல் அதிகாரியம்மாளுக்காக அர்ச்சனை செய்யச் சென்றேன்.

"யார் பேருக்கு?" என்றார் குருக்கள்.

"பேர் தெரியாது."

"நட்சத்திரம்?"

"தெரியாது. கிறிஸ்தவர் என்று மட்டும் தெரியும்."

"சுவாமிக்குத் தெரிஞ்சிருக்குமே, வாங்கோ" என்று குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டார்.

அன்பர்களே, இக்கட்டு வரும்போது நம்பிக்கை நிறைந்த மனத்தோடுதான் இறைவனிடம் போக வேண்டும் என்பதில்லை. நான் அச்சத்தோடும் சினத்தோடும்தான் போனேன். கதவும் சாத்தியிருந்தது. நீங்களும் அவ்வாறே போய் நில்லுங்கள்.

இக்குறிப்பைத் தங்கள் மன்றத்தில் பத்திரமாக வைத்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.