பதினோரு அவர்களே

பழைய தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான பாலகாட் லைனில் யாரைக் கேட்டாலும் குணசுந்தரிக்கு மூக்கு நுனியில் கோபம் என்பார்கள். இருக்கட்டுமே, வரக் காரணம் இல்லையா என்ன? மாரிகுப்பத்தில் முதல் ரயில் பிடித்து, பெங்களூரில் நாளெல்லாம் சட்டைக் காலர் தைத்து, திரும்பி வந்தால் ஒன்பது வயது மகள் வாணி சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருப்பாள்.

லைன் வீடுகளுக்குப் பின்னால்தான் சயனைடு மேடு. சுரங்கம் ஓடிய காலத்தில் சயனைடு போட்டுத் தங்கத்தை எடுத்துக்கொண்டு கொட்டிய மாவு மண். இத்தனை வருஷமாகப் புல்லும் முள்ளும் மூடி ஏதோ அடங்கிக் கிடந்தது. போன மாசியில் எவனோ ஒரு காண்ட்ராக்டர் ஜேசிபி கொண்டுவந்து அதைக் குடைய ஆரம்பித்தான். அன்றிலிருந்து காற்றடித்தால் சோற்றில் மண், பாயில் மண், பிள்ளைகளின் நெஞ்சிலும் மண்.

தோண்டுவதை நிறுத்தச் சொல்ல ஒரே இடம், கோலார் அதிகாரி மாதம் ஒரு முறை வந்து உட்காரும் குறை கேட்கும் கூட்டம். ஆளுக்கு மூன்று நிமிஷம், மணி அடித்தால் இறங்கிவிட வேண்டும். லைன்காரர்கள் குணசுந்தரியைப் போகச் சொன்னார்கள். மேடை ஏறிப் பழக்கமில்லாதவள், பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் கோதண்டராமனிடம் போய் நின்றாள். ஊர் நலச் சங்கத் தலைவர். மே தினமோ மாரியம்மன் திருவிழாவோ, யார் பேசினாலும் எழுதிக் கொடுப்பவர் அவர்தான். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார்.

அந்த ஊர் மேடைக்கு ஒரு வழக்கம் உண்டு. மேலே உட்கார்ந்திருப்பவர்களை ஒருவர் விடாமல், பட்டம் பதவியோடு 'அவர்களே' போட்டு அழைத்த பிறகுதான் விஷயத்துக்கு வரலாம். ஒருவரை விட்டால் போச்சு, ஏழு வருஷத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார். அன்று மேடையில் பதினோரு பேர். மாண்புமிகு, பெருமதிப்பிற்குரிய, ஏழைகளின் இதயத்தில் குடியிருக்கும் என்று குணசுந்தரி பிசகாமல் வாசித்தாள். பதினோராவது அவர்களே முடிந்து, "எங்கள் பகுதியிலே" என்று வாயெடுத்தாள். மணி அடித்தது. அடித்தவர் கோதண்டராமன், சங்கத் தலைவர் என்பதால் மணி அவர் கையில்.

கீழே இறங்கியதும் அவரைத்தான் பிடித்தாள். மனிதர் கொஞ்சமாவது கலங்கினாரா?

"இன்னாம்மா கொறை? ஒருத்தர் பேரும் வுடாம நல்லாத்தான படிச்சே."

தூ, இதுவும் ஒரு பேச்சா! குணசுந்தரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவர்மேல் கோபம். எழுதிக் கொடுத்ததைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்த தன்மேல் அதைவிடக் கோபம்.

அடுத்த கூட்டத்துக்கு அவளே எழுதினாள். சீசன் டிக்கெட் பெண்கள் நெருக்கியடிக்கும் ரயில் பெட்டியில் நின்றபடி எழுதி, அவர்களுக்கே படித்துக் காட்டினாள். எந்த வரியில் ஒருத்தி போனைப் பார்த்தாளோ, எந்த வரியில் ஒருத்தி கொட்டாவி விட்டாளோ, அந்த வரியை ஈவிரக்கமில்லாமல் அடித்தாள். 'சுற்றுச்சூழல் சீர்கேடு' போனது. 'நாட்டுக்கே தங்கம் தந்த மண்' என்று ஆசை ஆசையாக எழுதியதும் போனது. பங்காருப்பேட்டை வருவதற்குள் பாதிப் பக்கம் காலி. பிள்ளைகளின் பெயர் வந்த இடத்தில் மட்டும் பெட்டியில் ஒருத்தியும் அசையவில்லை.

சரி, அதுதான் பேச்சு என்று முடிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய், மூச்சிழுப்பு வந்த பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டு எழுதினாள். இருபதுக்கு மேல் கிடைத்தது. அன்றைக்கு மேடையில் எத்தனை பேரோ தன் பேச்சிலும் அத்தனை என்று பதினொன்றை வைத்துக்கொண்டாள். கடைசிப் பெயரைப் பஜாரிலிருந்து ஒரு தாய் தானே வந்து கொடுத்தாள். வெளியே சொல்லக் கூடாது என்பது மாமனார் உத்தரவாம், ஆனாலும் நீ சொல்லு என்றாள்.

கூட்ட நாளில் மேடையில் அதே பதினோரு பேர். குணசுந்தரி அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நாலாம் நம்பர் வூட்டு ரூபேஷ் அவர்களே, வயசு மூணு. படுத்தா மூச்சு வராம உக்காந்தே தூங்குறவரு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"எட்டாம் நம்பர் வூட்டு ஷில்பா அவர்களே, வயசு ஆறு. ஓடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டதால ஸ்கூல்ல ஓரமா நிக்கறவங்க."

சிரிப்பு நின்றது. அதிகாரிக்குத் தமிழ் பேச வராது, ஆனால் நன்றாகப் புரியும். போனைக் கவிழ்த்து வைத்தார். ஒவ்வொரு பெயருக்கும் குணசுந்தரியின் குரல் ஏறிக்கொண்டே போனது. பத்தாவதாக, "என் பொண்ணு வாணி அவர்களே" என்றாள். அழுதால் நேரம் போய்விடும் என்று அழுகையை விழுங்கிக்கொண்டாள். அதற்குள் மூன்று நிமிஷம் ஆகிவிட்டது. கோதண்டராமன் மணியைத் தூக்கினார்.

"பஜார் தெரு அக்ஷயா அவர்களே, வயசு ஏழு. இழுப்புன்னு தெரிஞ்சா நாளைக்கு மாப்பிள்ளை வரமாட்டான்னு, வெறும் சளின்னு வூட்ல சொல்லி வச்சிக்கிறாங்க."

கோதண்டராமனின் பேத்தி. தூக்கிய மணி தூக்கிய இடத்திலேயே நின்றது. குணசுந்தரி அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"டைம் ஆயிடுச்சி சார், அடிங்க."

அவர் அடிக்கவில்லை. மணியின் நாக்கைக் கையால் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அதை மேஜைமேல் வைத்தார். குணசுந்தரி அதிகாரி பக்கம் திரும்பி, மிச்சமிருந்த ஒரே வரியைச் சொன்னாள்.

"மேட்ட தோண்டறத இன்னிக்கே நிறுத்துங்க."

அதிகாரி எழுந்து, மேட்டுக்கு எந்த வழி என்று கேட்டார். வழி காட்ட முன்னால் நடந்தவர் கோதண்டராமன்.